ஐந்தாவது சில்லு

தம்பலகாமம், 2025 ஜூலை 13, ஞாயிறு

நேற்றிரவு வீடு வந்து சேர பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. அப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்டுப் படுக்கவைத்த பிறகும் எனக்குக் கைநடுக்கம் நிற்கவில்லை. அதனால் இன்றைக்குத்தான் எழுத உட்கார்கிறேன்.

கண்டியில் கண் கிளினிக் முடிந்து வெளிக்கிடவே மூன்றரை. ஹபரணையைத் தாண்டும்போது பொழுது பட்டுக்கொண்டிருந்தது. கல்ஓயா கழிந்து அக்போபுர வருவதற்கு முன், எதிரே வந்த பஸ்ஸுக்கு இடம் விட்டு ஒதுங்கினேன். தார் விளிம்பு உடைந்த இடத்தில் ஒரு கருங்கல் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. முன்பக்க இடது சில்லில் ஒரே அடி. இறங்கி டோர்ச் அடித்துப் பார்த்தால் ரயரின் பக்கச்சுவர் கிழிந்திருந்தது. சுண்டுவிரல் நுனி உள்ளே போகிற அளவு வெட்டு.

இரண்டு பக்கமும் காடு. யானை கடக்கும் இடம் என்று எழுதிய பலகையைத் தாண்டி அதிக தூரம் வந்திருக்கவில்லை. றோட்டோரத்தில் கிடந்த லத்தி இன்னும் காயாமல் இருந்தது. போயா கழிந்து இரண்டாம் நாள். நிலவு எழும்ப இன்னும் ஒரு மணித்தியாலமாவது ஆகும்.

அப்பா உள்ளே இருந்தபடி சொன்னார்: "பதறாதை பிள்ளை. ஸ்பெயரை இறக்கு. நான் டோர்ச் பிடிக்கிறன்."

"ஸ்பெயர் இல்லையப்பா."

"என்ன?"

"இந்தக் காருக்கு ஸ்பெயர் வாறதில்லை அப்பா."

முப்பத்தொரு வருசம் இ.போ.ச. பஸ் ஓட்டிய மனிதர். ஒரு கண்ணில் ஒப்பரேசன் முடிந்து இரண்டு கிழமை, மற்றக் கண்ணில் இன்னும் புகைதான். அதற்குப் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. ஏசியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும்.

பின்கதவைத் திறந்து, தரை மட்டையைத் தூக்கி, வெள்ளை றெஜிபோம் தட்டில் இருந்த மருந்துப் போத்தலையும் சின்னக் காத்துப் பம்மையும் எடுத்தேன். பொருத்திப் பம்மைப் போட்டதும் பால் போன்ற திரவம் வெட்டு வழியாகச் சீறி வெளியே வந்து தாரில் ஓடியது. ஒரு துளி காத்துக்கூட ரயருக்குள் தங்கவில்லை.

கந்தளாய்க்கு அரிசி ஏற்றிப் போன லொறிக்காரர் ஒருவர் நிற்பாட்டினார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசினார். அவருடைய ஜக் எங்கள் காருக்கு அடியில் போகாத உயரம். போயிருந்தாலும் மாட்டுவதற்குச் சில்லு எங்கே? அவர் லொறியை எங்களுக்குப் பின்னால் நிறுத்தி, லைற்றைப் போட்டுவிட்டு, கந்தளாயில் இருந்து கார் ஏற்றுகிற கரியர் வரும்வரை கூடவே நின்றார். ஒரு மணித்தியாலத்துக்கு மேல். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. அவருடைய பேரைக் கேட்காமல் விட்டது இன்றைக்கு முழுக்க மனதில் உறுத்துகிறது.

கரியருக்கு 22,000 ரூபாய்.

ஜூலை 14, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்து, அந்த வெறும் போத்தலைக் கழுவி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்றிவர ஜப்பான் எழுத்து. எனக்கு வாசிக்கத் தெரிந்தது இலக்கங்கள் மட்டும். அடியில் ஒட்டியிருந்த சின்ன லேபலில் 2021 என்று இருந்தது. காலாவதி ஆண்டு. கார் 2016இல் செய்த சுசுக்கி. நான் வாங்கியது போன வருசம். ஆக, வாங்கிய நாளிலேயே இது மூன்று வருசம் பழசாகிப்போன மருந்து. விற்றவர் போனட்டைத் திறந்து காட்டினார், ஏசியைப் போட்டுக் காட்டினார், இந்த மட்டையைத் தூக்கிக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. "இப்ப வாற கார் ஒண்டுக்கும் ஸ்பெயர் இல்லை மிஸ், மருந்து இருக்கு" என்றார். ஐம்பது இலட்சத்துக்கு மேல் எண்ணிக் கொடுத்த பொருள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை இந்த வருசம் பெப்ரவரியில்தான் கார்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் ஊருக்குள் இருந்ததை, கேட்ட விலைக்கு, கேள்வி கேட்காமல் வாங்கினோம்.

மருந்து புதிதாக இருந்தாலும் நேற்று முந்தினம் உதவியிராது. அது ஆணி குத்திய ஓட்டைக்கு. அதுவும் தரையில் படுகிற பக்கத்தில், நாலு மில்லிமீற்றர் அளவுக்குள் இருந்தால் அடைக்கும். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தப் போத்தலும் அடைக்காது. எங்கள் றோட்டு விளிம்புகள் எந்தப் பக்கத்தைக் கிழிக்கும் என்பது இங்கே ஓடுகிற எல்லோருக்கும் தெரியும்.

இரவு சாப்பிடும்போது அப்பா தானாகப் பேசினார். ஸ்பெயர் இல்லாமல் டிப்போ கேற்றைத் தாண்ட விடமாட்டார்களாம். யுத்த காலத்தில் செக்பொயின்றில் ஸ்பெயர் சில்லைத் தட்டிப் பார்ப்பார்கள், சில நாள் கழற்றி இறக்கச் சொல்வார்கள். "கந்தளாயில ஒருக்கா, சீனன்குடாவில ஒருக்கா. ஒரே நாளில ரெண்டு தரம் இறக்கி ஏத்தியிருக்கிறன். அப்பகூட, இதை வீட்டில வச்சிட்டு வருவம் எண்டு நினைச்சதில்லை."

ஜூலை 16, புதன்

திருகோணமலை ரவுண். கிழிந்த ரயரைப் பார்த்த கடைக்காரர் ஒட்ட முடியாது என்று ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார். பக்கச்சுவர் ஓட்டத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் மடிந்து நிமிர்கிற பகுதி, ஒட்டு நிற்காது. புது ரயர் 155/65 R14 ஒன்று 23,500. வேறு வழியில்லை, போட்டாயிற்று.

"அப்ப ஸ்பெயருக்கும் ஒண்டு எடுக்க எவ்வளவு முடியும் அண்ணை?"

புது இரும்பு ரிம் 9,000 மட்டில், அதற்கு இன்னொரு ரயர். ஜக்கும் ஸ்பனரும் சேர்க்காமல் 32,500. ஒருநாளும் ஓடாமல் கிடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற ஒரு பொருளுக்கு இந்த மாதச் சம்பளத்தில் இடமில்லை. அப்பாவின் மற்றக் கண்ணும் இருக்கிறது.

மனிதர் நல்லவர். வியாபாரம் போகுது என்று பார்க்காமல், பழைய ரிம் தேடுங்கள் என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று பில் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்: நாலு நட் துவாரம், எதிரெதிர்த் துவாரங்களின் நடுவுக்கு நடு 100 மில்லிமீற்றர், ரிம்மின் நடுத்துவாரம் 54, அகலம் நாலரை, ஓப்செற் 45. "ரயர் சைஸ் ஒண்டு எண்டு மட்டும் பார்த்து வாங்கிப்போடாதைங்க டீச்சர்" என்று இரண்டு தரம் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

ஏன் இப்படி ஒரு காரைச் செய்கிறார்கள் என்று இரவு இருந்து வாசித்தேன். பாரம் குறைகிறது, எண்ணெய்ச் செலவு குறைகிறது, பின்னால் இடம் கூடுகிறது, காரின் ஆயுள் முழுக்க ஒருநாளும் ஓடாமல் குப்பைக்குப் போகிற ரயரும் மிச்சம். ஜப்பானில் ஒரு தொலைபேசிக்கு உதவி வண்டி வந்து நிற்கும்; அதற்கென்றே ஒரு பெரிய சம்மேளனம் இருக்கிறது. அங்கே இந்தக் கணக்குச் சரி. இந்தியாவிலும் 2020 ஜூலையில் விதியை மாற்றி, ரியூப் இல்லாத ரயரும், காத்துக் குறைந்தால் காட்டுகிற கருவியும், ஒட்டுகிற மருந்தும் இருந்தால் ஸ்பெயர் கட்டாயமில்லை என்றார்கள். அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு மாதிரிகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் ஸ்பெயர் இல்லாமலே விற்றதாக அங்கத்தைய வாகனக்காரர் சங்கம் கணக்கெடுத்துச் சொன்னது.

நான் யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அக்போபுரக் காட்டில் இரவு ஏழு மணிக்கு நிற்கிற ஆளை நினைத்து அந்தக் கணக்கைப் போடவில்லை. வேறொரு நாட்டு றோட்டுக்குச் செய்த கார் இங்கே வந்து ஓடுகிறது. ஓடட்டும், நல்ல கார்தான். ஐந்தாவது சில்லை மட்டும் நாங்கள்தான் சேர்க்க வேண்டும். அதைக் காரின் விலையோடு சேர்த்தே நினைத்திருக்க வேண்டும்.

ஜூலை 19, சனி

கிண்ணியா. 2009இல் பாலம் திறப்பதற்கு முன் இதே பயணத்துக்குத் துறையில் பாதைப் படகு வரும்வரை காத்திருப்போம். இன்றைக்கு அரை மணித்தியாலத்தில் பழைய சாமான் கடை வாசலில் நிற்கிறேன்.

கடை நானா என்னை உட்காரவைத்து, தேத்தண்ணி தந்து, ரிம்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார். முதலாவது சில்லு ரயரோடு இருந்தது, விலையும் மலிவு, 9,000. பூ இன்னும் ஆழமாக இருந்தது. ஆனால் தொட்டபோது அழிறப்பர் மாதிரி மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் சீப்புப் பல் போலச் சன்னமான கீறல்கள். பக்கத்தில் ஸ்டட்லெஸ் என்று அச்சு. பனிக்குச் செய்த ரயர், ஜப்பானில் மார்கழி மாசம் மாட்டுவது. எங்கள் வெயிலில் வேகமாகத் தேய்ந்துபோகும், மழைத் தாரில் பிடிமானமும் போதாது. நானா தானே சொன்னார்: "இத உங்களுக்கு நான் தரமாட்டேன் டீச்சர். தெரியாதவங்க வந்து எடுத்துட்டுப் போறாங்க, அதான் இருக்கு."

இரண்டாவது ஹொண்டா என்-பொக்ஸ் ரிம். ரயர் சைஸ் அதே 155/65 R14. நாலு துவாரம், 100. பில் கொப்பித் தாளை வைத்துப் பார்த்தால் நடுத்துவாரம் 56. இரண்டு மில்லிமீற்றர்தானே என்று நினைத்தேன். நானா ஒரு ஹொண்டா நட்டையும் ஒரு சுசுக்கி நட்டையும் என் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஹொண்டா நட்டின் முகம் குண்டு போல உருண்டது. சுசுக்கி நட்டின் முகம் கூம்பு. ரிம்மின் துவாரமும் அதற்கேற்றபடி குடையப்பட்டிருக்கிறது. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் இறுக்கினால் விளிம்பில் ஒரு கோடாகத்தான் படும். கைக்கு இறுகினது போல இருக்கும், ஓட்டத்தில் இளகும்.

உள்ளங்கையில் இருந்த அந்த இரண்டு நட்டையும் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அப்பாவை ஏற்றிக்கொண்டு ஓடுகிற சில்லு இப்படியொரு கோட்டில் தொங்கியிருக்கும்.

வெறுங்கையோடு திரும்பினேன். நானா தேத்தண்ணிக்கும் காசு வாங்கவில்லை. "தைஹாட்சு மீரா ரிம் தேடுங்க. அதுதான் சரியா இருக்கும்."

ஜூலை 20, ஞாயிறு

கொழும்பில் இருக்கிற தம்பியிடம் மீரா ரிம் தேடச் சொன்னேன். பழைய சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போக முந்தி, ஒல்லியான ஸ்பெயர் ஒன்று வாங்கி அனுப்பவா அக்கா, பின்னால் இடமும் பிடிக்காது, ஏழாயிரத்துக்குக் கிடைக்கும் என்றான்.

அதை யோசித்துத்தான் பார்த்தேன். T115/70 D14 என்று வருவது. கணக்குப் போட்டால் அதன் குறுக்களவு 517 மில்லிமீற்றர், எங்கள் சில்லு 557. குறுக்களவில் நாலு சென்ரிமீற்றர் குட்டை. இழுக்கிற முன்சில்லில் அதைப் போடக்கூடாது. முன்சில்லு போனால் பின்சில்லு ஒன்றைக் கழற்றி முன்னால் மாட்டி, ஒல்லியைப் பின்னால் போட வேண்டும். இருட்டில் இரட்டை வேலை. 60 பி.எஸ்.ஐ. காத்து அடைத்து வைக்க வேண்டும், மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடாது, கிட்டிய ரயர் கடை மட்டும்தான் அதன் எல்லை. ரவுணுக்குள் ஓடுகிறவர்களுக்கு அது போதும், குறை சொல்லமாட்டேன். ஹபரணையில் இருந்து தம்பலகாமம் வரை இரவில் வருகிற எனக்கு மற்ற நாலையும் போன்ற ஒரு முழுச் சில்லு வேண்டும். தம்பியிடம் அப்படியே சொன்னேன்.

ஜூலை 22, செவ்வாய்

பின்னேரம் தம்பி படம் அனுப்பினான். மீரா இரும்பு ரிம், கறுப்பு, ரயரோடு. ஒவ்வொன்றாகக் கேட்டேன். நடுத்துவாரம் 54. நட் குழி கூம்பு. ரிம்மின் உட்பக்கத்தில் பொறித்ததில் 14, நாலரை, 45 எல்லாம் இருக்கிறது.

"ரயரின்ர பக்கத்தில ஒரு முட்டை வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், அதைப் படமெடு."

3421. 2021ஆம் ஆண்டின் 34ஆவது கிழமை. நாலு வருசம் ஆகவில்லை. முதலில் காட்டியது 0915ஆம். பத்து வருசப் பழசு, பூ முழுசாக இருந்ததாம். அதை வேண்டாம் என்று தம்பியே விட்டுவிட்டான். ஓடாமல் கிடந்தாலும் இறப்பருக்கு வயது போகும், பூவின் ஆழத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது.

14,500 ரூபாய். இரவு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றான்.

ஜூலை 23, புதன்

விடிய நாலு மணிக்குத் தம்பலகாமம் சந்தி. கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு போனது. தேத்தண்ணிக் கடையில் மட்டும் வெளிச்சம். சிறுபோக வயலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், உரப்பையில் சுற்றிய மண்வெட்டியோடு. கொழும்பு பஸ் வந்து நிற்க, கொண்டக்டர் தம்பி பின்பக்க டிக்கியைத் திறந்து, வெங்காய மூட்டைக்குப் பின்னால் இருந்து சில்லை இழுத்தார். சாக்கு சுற்றி, என் பேரும் "தம்பலகாமம் சந்தி" என்பதும் தடித்த எழுத்தில். பஸ்காரருக்கு 1,000.

பக்கத்து வீட்டு ஒட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கும்போது அப்பா எழும்பி வாசலில் நின்றார். சாக்கைப் பிரிக்கக்கூட விடவில்லை. குந்தியிருந்து, இரண்டு கையாலும் ரிம் விளிம்பைச் சுற்றிவரத் தடவினார். ஒரு இடத்தில் விரல் நின்றது. பெருவிரலால் அமத்தித் தேய்த்தார். "கறள். நெளிவில்லை." பிறகு ரயரின் உள்பக்கச் சுவர், வெளிப்பக்கச் சுவர், பூ. கண் தெரியாத குறையே அந்த ஐந்து நிமிசத்தில் இல்லை. "நல்ல சில்லு" என்றார். கடந்த பத்து நாளில் எனக்கு மனம் ஆறியது அப்போதுதான்.

ஜூலை 26, சனி

முள்ளிப்பொத்தானையில் கராஜ். பாஸ் கறளைச் சுரண்டி, பூச்சடித்து, வால்வை மாற்றி, பலன்ஸ் பார்த்துத் தந்தார். 1,200. பிறகு கழற்றி மாட்டிச் சரிபார்ப்போம் என்று நான்தான் கேட்டேன். பொருந்தும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதைக் காட்டில் வைத்துச் சோதிக்க நான் ஆயத்தமில்லை. ஹப்பில் ஏற்றியதும் இடைவெளி இல்லாமல் 'டக்' என்று உட்கார்ந்தது. எங்கள் காரின் சொந்த நட் நாலும் விரலாலேயே கடைசி வரை சுற்றிப் போயின. மீராவோடு வருகிற நட்டுகள் இதில் ஏறாது என்பதையும் பாஸ் காட்டினார்: புரி வேறு, சுசுக்கிக்கு 1.25, மற்றதுக்கு 1.5. முன்னால் ஒருதரம், பின்னால் ஒருதரம் மாட்டி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முட்ட முறித்து, சந்தி வரை ஓடிப் பார்த்தோம். எங்கேயும் உரசவில்லை.

இந்தக் காருக்கு ஜக்கும் இல்லை, ஸ்பனரும் இல்லை. ஜக் 5,500, 19 சைஸ் சிலுவை ஸ்பனர் 2,200.

ஜூலை 27, ஞாயிறு

எங்கே வைப்பது? றெஜிபோம் தட்டை முழுதாகக் கழற்றியும் பள்ளம் போதவில்லை. சில்லின் தடிப்பு ஆறங்குலத்துக்கு மேல், மட்டை மூடவில்லை. கடைசியில் பின்சீற்றைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, அதன் முதுகோடு நிமிர்த்தி வைத்து, சீற்றின் கால்கம்பியோடு லொறிக்காரர் கட்டுகிற பட்டியால் இறுக்கினேன். பட்டி 900. அரிசிக் கடைத் தராசில் நிறுத்தேன், பதினொன்றரைக் கிலோ. கட்டாமல் விட்டால் சடுதியாகப் பிறேக் பிடிக்கிறபோது அந்தப் பதினொன்றரைக் கிலோவும் அப்பாவின் தலைக்குத்தான் வரும்.

மொத்தம் 25,300. கரியருக்கு ஒரு இரவில் கொடுத்தது 22,000.

ஓகஸ்ட் 2, சனி

முற்றத்தில் பழகினேன். முதல் தரம் நாற்பது நிமிசம் எடுத்தது. எங்கள் மண் மணல். ஜக் காரை ஏற்றுவதற்குப் பதிலாகத் தான் தாண்டது. அப்பா மாட்டுக்கொட்டிலில் இருந்து ஒரு பலகைத் துண்டு கொண்டுவரச் சொன்னார். ஒரு முழ நீளம், இரண்டங்குலத் தடிப்பு, பாலைப் பலகை. இனி அதுவும் காரில் இருக்கும். எதிர்மூலைச் சில்லுக்குக் கல் வைக்க வேண்டும். நட்டைக் கார் தரையில் நிற்கும்போதே இளக்கிவிட்டுத்தான் ஜக்கை ஏற்ற வேண்டும். இறுக்கும்போது எதிரெதிராக. இதெல்லாம் அப்பா கதிரையில் இருந்து சொல்லச் சொல்லச் செய்தேன். ஸ்பனரில் என் கைப்பலம் போதவில்லை. "ஏறி நில் பிள்ளை, உன்ர பாரம் போதும்." கம்பியில் காலை வைத்து அமத்த, கிறீச்சிட்டு இளகியது.

இரண்டாம் தரம் இருபத்தாறு நிமிசம். மூன்றாம் தரம் லைற்றை எல்லாம் அணைத்துவிட்டு, அப்பா டோர்ச் பிடிக்க, இருபத்தொன்று. மற்றக் கண்ணில் இன்னும் புகை, ஆனாலும் வெளிச்சம் நட்டை விட்டு ஒருக்காலும் விலகவில்லை.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

கண்டியில் பெரஹரா முடிந்துவிட்டது. மற்றக் கண்ணுக்கு வருகிற சனிக்கிழமை நாள் தந்திருக்கிறார்கள். இன்றைக்கு எரிபொருள் நிலையத்தில் ஐந்து சில்லுக்கும் காத்துப் பார்த்தேன். நாலும் சரி. ஸ்பெயரில் இரண்டு குறைந்திருந்தது, அடித்தேன்.

லொறிக்காரரைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்கிறார். கந்தளாயில் அரிசி ஆலைகளில் கேட்டால் தெரியும். திரும்பி வரும்போது இறங்கிக் கேட்போம். தம்பலகாமத்துக் கட்டித்தயிர் ஒரு முட்டி சொல்லிவைத்திருக்கிறேன்.